கடைசி வரிசையில் யார் உட்காருவது?

1

மெல்போர்னில் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் ஊருக்குப் போன் போடும் நேரம். அந்த முனையில் பேசுவது எப்போதும் அம்மாதான். அப்பா பின்னாலிருந்து, "அங்கிட்டு மழை உண்டான்னு கேளு" என்று ஒரு கேள்வியை எறிவார். நான் உண்டு அல்லது இல்லை என்பேன். எங்கள் தகப்பன் மகன் உறவு பல வருடங்களாக வானிலை அறிக்கையில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு அப்பாவே போனை வாங்கிப் பேசினார். யாரோ போய்விட்டார்கள் என்றே நினைத்தேன்.

"பாலு, பெரியப்பாவுக்கு ரெண்டாவது கண்ணுக்கும் ஆப்பரேசன் ஆயிருச்சாம். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு வாசல்ல உக்காந்திருக்காரு. நான் இங்கிட்டுருந்து பாத்துக்கிட்டே இருக்கேன்."

"போயி ஒரு வார்த்தை கேட்டுட்டு வர வேண்டியதுதானேப்பா?"

 

"நாளைக்கு அவருக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்கிட்டுப் போயி நிக்கிறது?" என்றார். பிறகு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆலங்குடியிலிருந்து உள்ளே போகும் ரோட்டில் எங்கள் ஊர். அப்பா வீடும் பெரியப்பா வீடும் எதிரும் புதிருமாக இருக்கின்றன. நடுவில் ஒரு சிமெண்டு ரோடுதான். கஜா புயலில் எங்கள் பக்கத்துத் தென்னைகள் விழுந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். விழுந்த மரங்களை அள்ளப் பெரியப்பா கொண்டுவந்த ஜேசிபி, எங்கள் தோப்பு ஓரத்தில் சாய்ந்து நின்ற ஒரு மரத்தையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டது. "அது பொழைச்சிருக்கும். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார் அப்பா. "ஒன்னய கேட்டுத்தான் நான் செய்யணுமா?" என்றார் பெரியப்பா. அதுதான் அவர்கள் நேருக்கு நேர் கடைசியாகப் பேசியது. ஊரே நூற்றுக்கணக்கில் மரங்களை இழந்து, அழுது, புதிதாக நட்டு, அவையும் வளர்ந்துவிட்டன. எங்கள் வீட்டில் மட்டும் அந்த ஒரு மரம் இன்னும் விழுந்தபடியே கிடந்தது.

புத்தியுள்ள மகனாக இருந்தால் விமானம் ஏறி வந்து இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசியிருப்பான். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. நான் மூன்று வரிசை இருக்கை கொண்ட புது எஸ்யூவி ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தேன்.

2

சிரிக்காதீர்கள். இதில் ஒரு கணக்கு இருக்கிறது.

எங்கள் குலதெய்வம் அய்யனார், விராலிமலைக்குச் சற்று முன்னால், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறார். அங்கே மூத்தவர் சூடம் காட்டிய பிறகுதான் இளையவர் வீட்டுப் பொங்கல் பானை அடுப்பேறும். அண்ணன் வராமல் அப்பா போக மாட்டார். அப்பா வருகிறார் என்றால் பெரியப்பா வர மாட்டார். புயலுக்குப் பிறகு அய்யனார் எங்கள் குடும்பத்துப் பொங்கலையே பார்க்கவில்லை. அப்பாவின் பழைய காரில் பெரியப்பா கால் வைக்க மாட்டார். சென்னையிலிருந்து பெரியப்பா மகன் கார் கொண்டுவந்தால் அப்பாவுக்கு அன்றைக்கென்று முட்டி வலி வந்துவிடும். வாடகை வேன் என்றால் இரண்டு பேருமே ஒரே குரலில், அதாவது தனித்தனியாக, மறுத்துவிடுவார்கள். குலதெய்வத்தைப் பார்க்க வாடகை வண்டியில் போவது கௌரவக் குறைச்சல்.

ஆனால் குடும்பத்தில் யார் புது வண்டி வாங்கினாலும் அது முதலில் அய்யனார் வாசலுக்குத்தான் போக வேண்டும். பங்காளிகளில் மூத்தவர் தன் கையால் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். சண்டையோ சமாதானமோ, இதற்கு வர மாட்டேன் என்று இதுவரை எங்கள் வகையறாவில் யாரும் சொன்னதில்லை. டிராக்டருக்கும் வந்திருக்கிறார்கள், சைக்கிளுக்கும் வந்திருக்கிறார்கள்.

ஆகவே நான் புது வண்டி வாங்கினால் பெரியப்பா வந்தே தீர வேண்டும். தன் மகன் வாங்கிய வண்டி என்பதால் அப்பாவும் வர வேண்டும். இரண்டு பேரும் ஒரே வண்டியில் வர வேண்டும், ஆனால் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கக் கூடாது. அதற்கு இரண்டு வரிசை போதாது. மூன்று வேண்டும்.

இதை என் மனைவி சுதாவிடம் விளக்கியபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். முழுதும் கேட்டாள்.

"இங்க நம்ம கார்ல பின்கதவு ஒண்ணு உள்ளருந்து தொறக்க மாட்டேங்குது. அதைச் சரி பண்ண ஒங்களுக்கு நேரமில்ல. வருசத்துல நாலு வாரம் போற ஊருக்கு மூணு வரிசை வண்டியா?" என்றாள்.

"இது வண்டி இல்ல சுதா. சமாதான ஏற்பாடு."

"அப்படின்னா ரெண்டு கறுப்புக் கண்ணாடி வாங்கிட்டுப் போங்க. செலவு கம்மி."

3

அன்றிலிருந்து நான் ஆராய்ச்சியாளன் ஆனேன். ரயிலில் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் வண்டி விமர்சன வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். தமிழில் ஒருவர், இந்தியில் ஒருவர், எந்த மொழி என்று கடைசிவரை எனக்குப் பிடிபடாத ஒருவர். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். "கடைசி வரிசை சின்னப் பிள்ளைகளுக்குத்தான், பெரியவர்கள் நெடுந்தூரம் உட்கார முடியாது." சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திவிட்டு இஞ்சினைப் பற்றிப் பேசப் போய்விடுவார்கள். எனக்கோ அந்தக் கடைசி வரிசைதான் வண்டியே. இஞ்சின் அதை இழுத்துக்கொண்டு போக இருக்கும் ஏற்பாடு மட்டும்தான்.

முன் இருக்கைக்கும் கடைசி இருக்கைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று எந்த வீடியோவிலும் யாரும் சொல்லவில்லை. மெல்போர்னில் இருந்த ஒரு ஷோரூமுக்குள் அளவு நாடாவோடு போய், அங்கிருந்த மூன்று வரிசை வண்டியின் கடைசி இருக்கையில் மடங்கி உட்கார்ந்தேன். விற்பனையாளர் வந்து குனிந்து பார்த்தார். யாருக்காக என்று கேட்டார். என் தகப்பனாருக்கும் அவருடைய அண்ணனுக்கும் என்றேன். நெருக்கமான குடும்பம் போல என்றார். ஆமாம் என்றேன். அந்த மாடல் இந்தியாவில் விற்பனைக்கே இல்லை என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் இன்னும் எனக்கு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

மகள் நிலாவுக்குப் பதினைந்து வயது. வீட்டுக்குள் தமிழ் பேசுவாள், ஆனால் கேள்விக்குப் பதிலாக மட்டும்தான் பேசுவாள். அவளாக வாய் திறந்தால் ஆங்கிலம்தான். அதுவும் வரவரக் குறைந்து, அறைக் கதவு பாதி மூடியிருந்தால் தொந்தரவு செய்யாதே, முழுதும் மூடியிருந்தால் இந்த வீட்டில் நான் இல்லவே இல்லை என்ற அளவில் நின்றிருந்தது. நான் வரவேற்பறையில் நாற்காலிகளை இரண்டிரண்டாக மூன்று வரிசை போட்டு யோசித்துக்கொண்டிருந்த ஒரு நாள் வெளியே வந்தாள்.

"என்னப்பா பண்றீங்க?"

முன்னால் பெரிய தாத்தா, கடைசியில் தாத்தா, நடுவில் அப்பத்தாவும் பெரியப்பத்தாவும் என்று காட்டினேன். அம்மாவும் பெரியப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரக் கூடாது, தம்பி மனைவி அல்லவா என்று அதையும் விளக்கினேன். அவள் நாற்காலிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவங்க ஏன் ஸாரி சொல்லிக்கல?"

இந்த நாட்டில் நான் காலையிலிருந்து மாலைவரை ஸாரி சொல்கிறேன். ரயிலில் என் காலை மிதித்தவரிடம் நான்தான் சொல்கிறேன். ஒரு தடவை கண்ணாடிக் கதவில் மோதிக்கொண்டு அதனிடமும் சொல்லியிருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. கோபம் தீர்ந்தால் வீட்டிலிருந்து குழம்பு போகும், அவ்வளவுதான். இந்தத் தடவை குழம்பும் போகவில்லை.

"நம்ம ஊர்ல அப்படி இல்லம்மா" என்றேன். அவள் தோளைக் குலுக்கிக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள். கதவு பாதிதான் மூடியிருந்தது.

4

பள்ளி விடுமுறையில் நிலாவும் நானும் ஊருக்கு வந்தோம். சுதாவுக்கு லீவு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் இந்தக் கூத்துக்கு வந்திருக்க மாட்டாள் என்பது என் ஊகம்.

வந்த மறுநாளே அம்மாவையும் நிலாவையும் கூட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போனேன். திருக்கோகர்ணம் பக்கம் திருச்சி ரோட்டில் அடுத்தடுத்து ஷோரூம்கள். அம்மா கையில் ஒரு பெரிய துணிப்பை. என்னம்மா இது என்றதற்கு, "இருக்கட்டும்" என்றாள்.

முதல் வண்டி டீசல். நல்ல உயரம், மலையே ஏறிவிடும் போலிருந்தது. வீடியோக்காரர்கள் எல்லோருக்கும் இது உயிர். அம்மா படியில் ஒரு கால் வைத்தாள், மேலே பார்த்தாள், காலை எடுத்துக்கொண்டாள்.

"இதுல ஏறணும்னா எனக்கு ஏணி வேணும். அந்த முருகன்கூட மயில்ல இவ்வளவு ஒசரம் ஏற மாட்டாரு."

இரண்டாவது, பெட்ரோலும் மின்சாரமும் கலந்து ஓடுவது. தாழ்வு, சொகுசு, கடைசி வரிசையில் மனிதன் மனிதனாக உட்காரலாம். நான் கிட்டத்தட்ட மயங்கிவிட்டேன். அம்மா வெளியே ரோட்டைக் காட்டினாள். அதே வண்டி மஞ்சள் போர்டோடு ஏர்போர்ட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போனது. "வாடகை வண்டியாட்டம் இருக்குன்னு ஒங்க பெரியப்பா திரும்பிப் போயிருவாரு. அப்பறம் வாங்குன வண்டிய நீயே வாடகைக்கு விட வேண்டியதுதான்" என்றாள்.

மூன்றாவது வண்டி பளபளவென்று இருந்தது. உள்ளே டிவி மாதிரி திரை, மேலே திறக்கும் கண்ணாடிக் கூரை, நடு வரிசையில் தனித்தனியாக இரண்டு நாற்காலி, அவற்றுக்கிடையே பின்னால் போக நடைவழி. மொத்தம் ஆறு பேர். எங்கள் கூட்டமும் மிகச் சரியாக ஆறு. அங்கே விற்பனைக்கு நின்ற தம்பி விக்னேஷ், நெற்றியில் திருநீறும் கழுத்தில் டையுமாக மிக மரியாதையானவர்.

"சார், ஃபேமிலிக்குத்தானே பாக்குறீங்க? மைலேஜ் முக்கியமா, சேஃப்டி முக்கியமா?"

"முன் சீட்டுல ஒருத்தரு, கடைசி சீட்டுல ஒருத்தரு. ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பாக்கக் கூடாது. வருமா?"

விக்னேஷ் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அண்ணன் தம்பியா சார்?"

"ஆமா."

"அப்ப இதுதான் சார். ஹெட்ரெஸ்ட் நல்லா ஒசரம். எங்க வீட்டுல மாமாவுக்கும் அப்பாவுக்கும் இதே வண்டியத்தான் சொன்னேன்."

ஒரு வருட ஆராய்ச்சியில் எனக்குக் கிடைத்த ஒரே அறிவார்ந்த பதில் அது. ஆனால் அம்மாவுக்குத் திருப்தி ஆகவில்லை. "டிக்கியத் தொறங்க தம்பி" என்றாள். திறந்தார். கடைசி வரிசையை நிமிர்த்தி வைத்தால் அதற்குப் பின்னால் ஒரு முழம் இடம்தான் மிஞ்சியது. அம்மா துணிப்பையிலிருந்து குலதெய்வத்துக்கென்றே வைத்திருக்கும் வெண்கலப் பொங்கல் பானையை எடுத்தாள். ஏசி அறையில், பலூன்களுக்கு நடுவில், அந்தக் கரி பிடித்த பானை டிக்கிக்குள் இறங்கியது. மேல் கதவு சாத்திக்கொண்டது. அடுத்த வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் இதையும் பார்த்துவிட்டு, நம் பானையைக் கொண்டு வரவில்லையே என்பது போல் தங்களுக்குள் பேசிக்கொண்டது.

"இதையே எடு" என்றாள் அம்மா.

5

எடுப்பது அவ்வளவு எளிதா? நான் இப்போது ஆஸ்திரேலியக் குடிமகன். என் பெயரில் பதிவு செய்ய இங்கே விலாசச் சான்று வேண்டும். என்னிடம் இருப்பவை எல்லாம் மெல்போர்ன் விலாசம். பிறந்த ஊரில், பிறந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு நான் எங்கேயும் குடியிருக்கவில்லை என்று நிரூபணமாயிற்று. சரி, அப்பா பெயரில் போடலாம் என்றால், அது அப்பா வண்டியாகிவிடும். பெரியப்பா கால் வைக்க மாட்டார். பெரியப்பா பெயரில் போடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அம்மா பார்த்த பார்வையில் அந்த யோசனை அங்கேயே செத்தது.

கடைசியில் அம்மா பெயரிலேயே பதிவானது. ஸ்கூட்டர்கூட ஓட்டாத என் தாய் ஒரு எஸ்யூவிக்குச் சொந்தக்காரியானாள். இதில் பெரியப்பாவுக்கு ஆட்சேபணை இல்லை என்று பெரியம்மா மூலம் தகவல் வந்தது. இரண்டு வீட்டுப் பெண்களும் ஒரு நாளும் பேச்சை நிறுத்தியதில்லை. சண்டை ஆம்பளைங்க சொத்து, நமக்கெதுக்கு என்பது அவர்கள் கொள்கை.

வண்டி வந்த நாளில் ஷோரூமில் எல்லோருக்கும் தேங்க் யூ சொன்னேன். கதவு திறந்தவருக்கு, சாவி தந்தவருக்கு, டீ கொடுத்தவருக்கு, டீ டம்ளரை எடுத்துப் போனவருக்கும். "போதும்டா. ஓசியில வாங்குன மாதிரி இருக்கு" என்றாள் அம்மா.

6

புறப்படும் நாள் விடிகாலையிலேயே வண்டியை சிமெண்டு ரோட்டில் இரண்டு வீட்டுக்கும் சரி நடுவில் நிறுத்தினேன். ஒரு பக்கம் ஒரு சாண் கூடினாலும் பிரச்சினை. அப்பா முதலில் வந்து நடைவழியில் குனிந்து போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார். அவர் முட்டி தாடைக்கருகே இருந்தது. "வசதியா இருக்காப்பா?" என்றேன். "இருக்கு இருக்கு. பள்ளிக்கூடத்துல முட்டி போட்ட மாதிரி இருக்கு" என்றார். அவர் பக்கத்தில் நிலா காதில் பாட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பெரியம்மாவும் அம்மாவும் நடுவில். பெரியப்பா வெள்ளை வேட்டியும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்து, முன் இருக்கையில் ஏறி, நேராகப் பார்த்து, "போ" என்றார்.

வரவேற்பறையில் நான் போட்ட நாற்காலிக் கணக்கு அப்படியே உயிர் பெற்றுவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமை புதுக்கோட்டை தாண்டும் வரைகூட நிற்கவில்லை.

வண்டி கத்தியது. டிங் டிங் டிங் என்று ஒரு சத்தம். பெரியப்பா பெல்ட் போடவில்லை.

"பெரியப்பா, பெல்ட்டு."

"என்னைய எதுக்கு கட்டிப் போடணும்? நான் என்ன கேஸ்ல மாட்டுன ஆளா?"

"வண்டி கேக்காது பெரியப்பா. போடுற வரைக்கும் கத்தும்."

"கத்தட்டும்."

கத்தியது. அன்னவாசல் வரை கத்தியது. எத்தனையோ வீடியோக்களில் இந்தச் சத்தத்தைப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுத்துப் பாராட்டியிருந்தார்கள். அவர்கள் யாரும் என் பெரியப்பாவைப் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்த்ததில்லை. போதாததற்குப் பின்னாலிருந்து வந்த காலை வெயில் பக்கக் கண்ணாடியில் பட்டு முகத்தில் அடித்து, ஆப்பரேசன் செய்த கண்ணில் நீர் வடிந்தது.

"நிறுத்துடா" என்றார். நிறுத்தினேன். இறங்கினார். நடு வரிசைக் கதவைத் திறந்து, "இங்க உக்காந்தா கத்துமா?" என்றார்.

"அங்கிட்டும் கத்தும்."

"கத்தாத எடம் எது?"

எனக்குத் தெரியும். கடைசி வரிசையை மட்டும் அந்த வண்டி ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை, யார் கட்டினாலும் கட்டாவிட்டாலும் வாயைத் திறக்காது. ஆனால் நான் அதைச் சொல்வதாக இல்லை. "பின்னாடி கத்தாது தாத்தா" என்று நிலா சொல்லிவிட்டாள். காதில் பாட்டு ஓடுகிறது என்று நாம் நினைக்கும் பிள்ளைகளுக்கு எல்லாம் கேட்கிறது. இறங்கி வந்து என் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டு பெல்ட்டையும் மாட்டினாள்.

பெரியப்பா ரோட்டோரத்தில் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பிப் போக பஸ் வருகிறதா என்று பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு குனிந்து, நடைவழியில் புகுந்து, அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. மடங்கினார்.

இப்படியாக, இரண்டு பேரை எட்ட எட்ட உட்கார வைப்பதற்காக ஒரு வருடம் தேடி வாங்கிய வண்டியில், அந்த இரண்டு பேர் மட்டும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வந்தார்கள். நான் கண்ணாடியில் பார்த்தேன். ஒருவர் இடப்பக்கம் வெளியே பார்த்தார், ஒருவர் வலப்பக்கம்.

"ஏன்ப்பா இப்படி வேர்க்குது? ஏசி ஓடுதே?" என்றாள் நிலா. அவளாகவே தமிழில் கேட்டாள்.

இலுப்பூர் தாண்டி, வர்ணம் பூசாத ஒரு வேகத்தடை. நான் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தேன், முன்னால் பார்க்கவில்லை. வண்டி எகிறியது. கடைசி வரிசையில் இரண்டு தலைகள் கூரையில் இடித்தன. "ஆத்தீ" என்று இரண்டு குரல் ஒன்றாகக் கேட்டது.

அப்புறம் பெரியப்பா, தன் மனைவியின் முதுகைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "ஏய், இந்த சீட்ட மனுசனுக்குச் செஞ்சானா, ஆட்டுக்குட்டிக்குச் செஞ்சானான்னு அவன்கிட்ட கேளு."

பெரியம்மா வாயைத் திறப்பதற்குள், ஜன்னலைப் பார்த்தபடியே அப்பா சொன்னார். "ஆட்டுக்குட்டியா இருந்தா இந்நேரம் எறங்கி ஓடியிருக்கும்."

அம்மா மெல்ல நிமிர்ந்து என்னைக் கண்ணாடியில் பார்த்தாள்.

"வெளிநாட்டுல இருக்கவன்கிட்ட வண்டி வாங்கச் சொன்னா இப்படித்தான்" என்றார் பெரியப்பா.

"யாரு வாங்கச் சொன்னா? அவனா வாங்குனான்" என்றார் அப்பா.

"இவ்வளவு பெரிய டிவி எதுக்கு?"

"கேட்டா கேமராங்கிறான்."

கோயில் வரும்வரை இரண்டு பேரும் என்னை வறுத்தெடுத்தார்கள். ஒருவரையொருவர் ஒரு தடவைகூடப் பெயர் சொல்லவோ, முகம் பார்க்கவோ இல்லை. ஆனால் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடர்ந்தார். என் ஓட்டுதல், என் தொப்பை, நான் சொல்லும் தேங்க் யூ எதுவும் மிச்சமில்லை. வாழ்நாளில் யார் திட்டியும் நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. வேண்டுமென்றே இன்னொரு வேகத்தடையில் கொஞ்சம் வேகமாக ஏற்றினேன் என்பதை அய்யனார் மன்னிக்க வேண்டும்.

7

பெரியப்பா எலுமிச்சம்பழம் வைத்தார். சூடம் காட்டினார். பூசாரி தட்டை நீட்ட, அவர் திருநீறு எடுத்துக்கொண்டு தட்டை அப்படியே பக்கத்தில் நகர்த்தினார். அப்பா எடுத்துக்கொண்டார். பொங்கல் பொங்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். நிலா அதைப் போனில் எடுத்து அவள் அம்மாவுக்கு அனுப்பினாள். நான் நான்கு பழங்களின் மேலும் வண்டியை ஏற்றினேன். அதற்கும் அது என்னவோ எச்சரிக்கை கொடுத்தது.

கிளம்பும்போது பெரியப்பா வண்டிப் பக்கமே வரவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நான் பஸ்ல போயிக்கிறேன். அந்தக் கூண்டுல இன்னொரு தடவை என்னால மடங்க முடியாது."

முன் சீட்டு இருக்கிறதே, நிலாவைப் பின்னால் அனுப்புகிறேனே என்று கெஞ்சினேன். "அது கத்தும்" என்றுவிட்டு மெயின் ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

அப்பா பெரியம்மாவிடம் போனார். "மதினி, கண்ணு ஆப்பரேசன் பண்ணுன மனுசனத் தனியா பஸ்ஸுல விடுறதா? நானும் கூடப் போறேன்னு சொல்லிருங்க."

"ரெண்டு எட்டு எடுத்து வச்சா நீங்களே சொல்லிரலாம்" என்றார் பெரியம்மா. அப்பா சொல்லவில்லை. ஆனால் எட்டு எடுத்து வைத்தார். நாங்கள் பானையை ஏற்றிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்தபோது இருவரும் நிறுத்தத்தில் இரண்டடி இடைவெளி விட்டு நின்றுகொண்டிருந்தார்கள். விராலிமலையிலிருந்து புதுக்கோட்டை போகும் பஸ் வந்தது. ஏறினார்கள்.

நான் பஸ்ஸின் பின்னாலேயே ஓட்டினேன். அத்தனை குதிரைசக்தி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஊரிலும் நின்று ஆள் ஏற்றும் ஒரு பஸ்ஸின் புகையைக் குடித்துக்கொண்டே போனேன். பின் கண்ணாடி வழியாக வெள்ளைத் தலைகள் இரண்டும் தெரிந்தன. முதலில் தள்ளித் தள்ளி. இலுப்பூரில் கூட்டம் ஏறிய பிறகு நெருக்கமாக. அப்புறம் நின்றவர்கள் மறைத்துவிட்டார்கள். என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் எனக்குப் பொறாமையாக இருந்தது. இவ்வளவு செலவு செய்தவன் நான், பார்க்கக் கொடுத்து வைத்தது அந்தக் கண்டக்டருக்கா என்று இருந்தது. கூடவே, அப்பா தனியாக நின்று எதிர் வீட்டைப் பார்க்க வேண்டிய அவசியம் இனி இல்லையோ என்று ஒரு நினைப்பு. கண் கலங்கியது. நிலா பார்த்துவிட்டு டிஷ்யூவை நீட்டினாள்.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குள் காரை விட மாட்டார்கள். வெளியே ஓரங்கட்டிவிட்டு, அவர்களை அங்கிருந்து வீட்டுக்காவது கூட்டிப் போய்விடலாம் என்று உள்ளே ஓடினேன். பஸ்ஸிலிருந்து எல்லோரும் இறங்கினார்கள். மூட்டைகள் இறங்கின. அவர்கள் இறங்கவில்லை. படியேறிப் போனேன்.

அப்பா பெரியப்பாவின் தோளில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தார். பெரியப்பா கறுப்புக் கண்ணாடியோடு விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தோள் அசைந்துவிடாமல் இருக்க முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"பெரியப்பா, புதுக்கோட்டை வந்திருச்சு."

"சத்தம் போடாத. பஸ்ல ஏறுனா இவன் தூங்கிருவான், சின்னதுலேருந்து அப்படித்தான். பாதியில எழுப்புனா நாள் பூரா தலவலிம்பான்."

கண்டக்டர் பின்னால் வந்து நின்றார். "பெரியவரே, எறங்குங்க. வண்டி திரும்பப் போகுது."

"எங்க போகுது?"

"மறுபடி விராலிமலைதான்."

பெரியப்பா தோளை அசைக்காமல், மறு கையால் மெதுவாகச் சட்டைப் பையைத் துழாவி ஒரு நோட்டை எடுத்து நீட்டினார்.

"விராலிமலைக்கு ரெண்டு டிக்கெட் குடுப்பா."